பாட்டு இலவசம், பெட்டி 300 டாலர்: பெரிய இசைக்கலைஞர்கள் ஆல்பத்தைச் சும்மா கொடுப்பது எப்படி நடக்கிறது

2008 மார்ச் 2 அன்று நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் தன் இணையதளத்தில் ‘கோஸ்ட்ஸ் 1–4’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. மொத்தம் 36 இசைத்துண்டுகள், பாட்டு வரிகள் கிடையாது. முதல் 9 துண்டுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 36-ம் வேண்டுமென்றால் 5 டாலர். இரண்டு சிடியாக வாங்கினால் 10 டாலர். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பிரித்துப் பதிந்த டிவிடியும் உயர்தர ஒலியுள்ள புளூ-ரே தட்டும் சேர்ந்தால் 75 டாலர். இதற்கெல்லாம் மேலே ஒரு பெட்டி இருந்தது. அதில் நான்கு வினைல் தட்டுகள், அச்சிட்ட படங்கள், வரிசை எண், குழுவின் தலைவர் ட்ரெண்ட் ரெஸ்னரின் கையெழுத்து. விலை 300 டாலர். மொத்தமே 2,500 பெட்டிகள்.

அந்த 2,500 பெட்டிகளும் சில நாட்களில் தீர்ந்துவிட்டன. பெருக்கிப் பார்த்தால் 7,50,000 டாலர் வருகிறது. முதல் வாரத்தில் அந்த ஆல்பத்துக்கு வந்த மொத்த வருமானம் சுமார் 16 லட்சம் டாலர். அதாவது, லட்சக்கணக்கானோர் இறக்கிய ஓர் ஆல்பத்தின் முதல் வார வருமானத்தில் ஏறக்குறைய பாதியை 2,500 பேர் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஆல்பம் முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, பிறர் நகலெடுக்க முன்கூட்டியே அனுமதி தரும் உரிமத்தில் வந்தது. மீதி 27 துண்டுகளையும் வாங்கிய ஒருவர் இன்னொருவருக்கு நகலெடுத்துக் கொடுத்தால் அது திருட்டு ஆகாது, உரிமமே அனுமதிக்கிறது. அப்படியிருந்தும் 2008-இல் அமேசானின் எம்பி3 கடையில் அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை மக்கள் ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? வசதியான ஓர் இசைக்கலைஞர் ஏன் அதை இலவசமாகக் கொடுத்தார்? இதைப் புரிந்துகொள்ள முதலில் பாட்டு யாருடைய சொத்து என்று பார்க்க வேண்டும்.

கொடுக்க முதலில் கையில் இருக்க வேண்டும்

ஒரு பதிவுசெய்த பாட்டில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. ஒன்று மெட்டும் வரிகளும். இது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது, அல்லது அவர்கள் எழுதிக் கொடுத்த பதிப்பு நிறுவனத்துக்கு உரியது. இன்னொன்று ஒலிப்பதிவு. தொழிலில் இதை ‘மாஸ்டர்’ என்பார்கள். ஒரே பாட்டை மூன்று பேர் பாடிப் பதிந்தால் மெட்டு ஒன்று, மாஸ்டர் மூன்று.

இசை நிறுவனம் ஒரு கலைஞருடன் ஒப்பந்தம் போடும்போது முன்பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தைக் கலைஞரின் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்கிறது. கழித்து முடித்த பிறகும் வழக்கமான ஒப்பந்தத்தில் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே ஒப்பந்தத்துக்குள் இருக்கும் கலைஞர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும், தன் குரலில் பதிந்த பாட்டைத் தானே இலவசமாக அறிவிக்க முடியாது.

இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு இஎம்ஐ நிறுவனத்துக்கு ஆறு ஆல்பங்கள் தர ஒப்பந்தமாகியிருந்தது. ஆறாவது ஆல்பம் 2003-இல் வந்ததும் கடமை முடிந்தது. அவர்களுடைய அடுத்த ஆல்பம்தான் ‘விருப்பப்பட்டதைக் கொடுங்கள்’ என்று இணையத்தில் வந்த ‘இன் ரெயின்போஸ்’. நைன் இஞ்ச் நெய்ல்ஸும் தங்களுக்கு இனி நிறுவன ஒப்பந்தம் இல்லை என்று 2007 அக்டோபரில் அறிவித்தது. ஐந்து மாதத்தில் ‘கோஸ்ட்ஸ்’ வந்தது. இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் இலவசம் வந்திருக்கிறது. மனம் பெரியதா சிறியதா என்று பேசுவதற்கு முன் மாஸ்டர் யார் கையில் என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

தமிழ்த் திரையிசையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். படப் பாடலின் மாஸ்டர் பொதுவாகத் தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. 2012-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்தது. மாஸ்டரை அது அவர்கள் கையில் கொடுக்கவில்லை. அதனால் எவ்வளவு புகழ்பெற்ற இசையமைப்பாளரும் தன் படப் பாடலை ‘இன்று முதல் இலவசம்’ என்று சொல்லிவிட முடியாது. படத்துக்கு வெளியே தானே செலவழித்துப் பதிந்த தனிப்பாடல் என்றால் முடியும்.

ஒரு நகலுக்கு என்ன செலவு

ஆல்பத்தைப் பதிவுசெய்ய ஸ்டூடியோ, வாத்தியக்காரர்கள், ஒலிப்பொறியாளர் என்று பெரும் செலவு உண்டு. ஆனால் அது ஒரே முறை செய்யும் செலவு. அதன் பிறகு ஒவ்வொரு நகலும் கோப்பு மட்டுமே.

எம்பி3 கோப்பின் அளவை நீங்களே கணக்கிடலாம். ரேடியோஹெட் கொடுத்தது நொடிக்கு 160 கிலோபிட் தரம். 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 20 கிலோபைட், நிமிடத்துக்கு 1.2 மெகாபைட். ஏறக்குறைய 43 நிமிட ஆல்பம் 50 மெகாபைட் சொச்சம். 320 கிலோபிட் என்றால் இரட்டிப்பு, சுமார் 100 மெகாபைட். சிடியின் தரத்தில் அமுக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். அதே ஆல்பம் 450 மெகாபைட்டுக்குப் போகும். ஃபிளாக் என்ற வடிவம் ஒலியை இழக்காமல் அதைப் பாதி அல்லது அதற்குச் சற்று மேலாகச் சுருக்கித் தரும்.

ஒருவருக்கு 50 மெகாபைட் ஒன்றுமே இல்லை. பத்து லட்சம் பேர் இறக்கினால் 50 டெராபைட். 2007-இல் அது லேசான காரியம் அல்ல. ‘கோஸ்ட்ஸ்’ வந்த நாளில் அந்தத் தளம் கூட்டம் தாங்காமல் திணறியது. இந்தச் சுமைக்குத் தீர்வாக ஏற்கெனவே இருந்த முறை டோரண்ட். இறக்கும் ஒவ்வொருவரும் தன்னிடம் வந்த துண்டுகளை அடுத்தவருக்கு அனுப்புவதால் சர்வரின் சுமை குறைகிறது. இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டுத் துரத்திய அதே தொழில்நுட்பத்தை இந்தக் குழு தன் சொந்த ஆல்பத்தைப் பரப்பப் பயன்படுத்தியது.

ரேடியோஹெட்: விலைக்கட்டம் காலி

‘இன் ரெயின்போஸ்’ 2007 அக்டோபர் 10 அன்று வெளியானது. பத்து நாள் முன்புதான் அறிவிப்பே வந்தது. தளத்தில் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தால் விலை இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதை அழுத்தினால் ‘உங்கள் இஷ்டம்’ என்று வரும். மறுபடி அழுத்தினால் ‘உண்மையாகவே உங்கள் இஷ்டம்தான்’ என்று வரும். பூஜ்ஜியம் போடலாம், 99.99 பவுண்டு வரை போகலாம். காசு கொடுத்தவர்களிடம் அட்டைக் கட்டணமாக 45 பென்ஸ் கூடுதலாக வாங்கினார்கள்.

இந்த 45 பென்ஸை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் தொடங்குகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அட்டை நிறுவனங்கள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு நிலையான தொகையை எடுத்துக்கொள்ளும். ஒருவர் ஆசையாக 10 பென்ஸ் கொடுத்தால், கலைஞருக்கு வருவதைவிட வங்கிக்குப் போவது அதிகமாகிவிடும். ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்று சொல்லும்போது பூஜ்ஜியத்தில் நஷ்டம் இல்லை, பத்து காசில்தான் நஷ்டம்.

அதே தளத்தில், அதே நேரத்தில், 40 பவுண்டுக்கு ஒரு பெட்டியும் இருந்தது. இரண்டு வினைல் தட்டுகள், சிடி, கூடுதல் பாடல்களோடு இரண்டாவது சிடி, ஓவியங்கள், பாடல் வரிப் புத்தகம். பதிப்புரிமையைப் பார்த்துக்கொண்ட வார்னர் சாப்பெல் நிறுவனம் 2008-இல் சொன்ன கணக்குப்படி அந்தப் பெட்டி 1,00,000 விற்றது. அதுவே 40 லட்சம் பவுண்டு. பிறகு கடைகளில் சிடி வந்தபோது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம். இலவச டவுன்லோடு வந்து மூன்று மாதம் கழிந்திருந்தது. கடைக்கு வருவதற்கு முன்பே, முந்தைய ஆல்பம் மொத்தமாகத் தந்ததைவிட அதிகப் பணம் வந்துவிட்டது என்றும் அதே நிறுவனம் சொன்னது.

எத்தனை பேர் பூஜ்ஜியம் போட்டார்கள் என்பதைக் குழு வெளியிடவில்லை. காம்ஸ்கோர் என்ற ஆய்வு நிறுவனம் பத்தில் ஆறு பேர் எதுவும் கொடுக்கவில்லை என்று மதிப்பிட்டது. குழு அந்த எண்ணை மறுத்தது. இதைவிட யோசிக்க வைக்கும் தகவல் வேறொன்று. காசே கொடுக்காமல் அதிகாரப்பூர்வத் தளத்தில் கிடைத்த ஆல்பத்தை, முதல் நாளிலேயே சுமார் 4 லட்சம் முறை திருட்டு டோரண்டில் இறக்கினார்கள் என்று பிக்ஷாம்பெயின் என்ற நிறுவனம் கணக்கிட்டது. காரணம் விலை அல்ல. தளத்தில் பெயர், மின்னஞ்சல் எல்லாம் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. டோரண்டில் அது இல்லை, பழகிய இடம் வேறு. இரண்டு கிளிக் கூடினால் இலவசத்தைவிடச் சுலபத்தை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

160 கிலோபிட் தரம் குறைவு என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானது என்றே சொல்ல வேண்டும். கூர்ந்து கேட்கிறவர்கள் நேசிக்கிற ஒரு குழு, காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே நடுத்தரக் கோப்பைத் தந்தது. அதனால் அது முழு ஆல்பமா, சிடிக்கான மாதிரியா என்ற சந்தேகம் எழுந்தது.

ரெஸ்னர் கற்றுக்கொண்டது

அதே 2007 நவம்பரில் சால் வில்லியம்ஸ் என்ற கவிஞர்-பாடகரின் ஆல்பத்தை ரெஸ்னர் தயாரித்து இணையத்தில் விட்டார். 192 கிலோபிட் எம்பி3 இலவசம். 5 டாலர் கொடுத்தால் 320 கிலோபிட் அல்லது ஃபிளாக். இரண்டு மாதம் கழித்து முழு எண்களையும் அவரே வெளியிட்டார். 1,54,449 பேர் இறக்கியிருந்தார்கள். 28,322 பேர் 5 டாலர் கொடுத்திருந்தார்கள். 18 சதவீதம் சொச்சம். மொத்தம் 1,41,610 டாலர். பெருமளவில் பணம் வரவில்லை என்று ரெஸ்னர் வருத்தப்பட்டார்.

அந்த வருத்தத்தோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். வில்லியம்ஸின் முந்தைய ஆல்பம் நிறுவனம் மூலம் வந்து 33,897 பிரதி விற்றிருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கே இரண்டே மாதத்தில் கிட்டத்தட்ட அதே அளவு பேர் காசு கொடுத்தார்கள், அதற்கு மேல் 1,26,000 பேர் காசில்லாமல் கேட்டார்கள். ஆனால் அவர் பணக்காரர் இல்லை. அவரிடம் 300 டாலர் பெட்டியை வாங்க 2,500 பேர் காத்திருக்கவில்லை. தயாரிப்பாளர் ஒருவர்தான், விளைவு வேறு.

இந்த எண்கள் வந்து இரண்டு மாதத்தில்தான் ‘கோஸ்ட்ஸ்’ வருகிறது. இப்போது அமைப்பு மாறியிருப்பதைக் கவனியுங்கள். இலவசத்துக்கும் 5 டாலருக்கும் இடையே ‘கொடுப்பதா வேண்டாமா’ என்ற கேள்வி மட்டும் இல்லை. பூஜ்ஜியம், 5, 10, 75, 300 என்று ஒரே ஆல்பம் ஐந்து படியாக நிற்கிறது. வெறும் ஆர்வத்தில் வந்தவர் முதல் படியில் நிற்பார். இருபது வருடமாகக் கேட்டு வருகிற ரசிகர் மேல்படிக்குப் போவார். கோப்பை நகலெடுக்கலாம், கையெழுத்தை நகலெடுக்க முடியாது. இலவசமாகப் போவது நகலெடுக்கக் கூடியது. விலைக்குப் போவது நகலெடுக்க முடியாதது.

2008 மே 5 அன்று அதே குழு ‘தி ஸ்லிப்’ என்ற அடுத்த ஆல்பத்தை முற்றிலும் இலவசமாகக் கொடுத்தது. இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி, இது என் செலவு என்ற பொருளில் ரெஸ்னர் ஒரு குறிப்பு எழுதினார். எம்பி3, ஃபிளாக், ஆப்பிள் வடிவம், சிடியைவிட உயர்ந்த 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் என்று நான்கு தரத்திலும் இலவசம். இறக்க மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூலையில் வரிசை எண் போட்ட 2,50,000 சிடிகள் கடைக்கு வந்தன. அதே கோடையில் அமெரிக்கச் சுற்றுப்பயணமும் தொடங்கியது. சேர்ந்திருந்த மின்னஞ்சல் பட்டியலின் மதிப்பு அப்போது தெரியும். ரேடியோவுக்கும் பத்திரிகைக்கும் பணம் கொடுக்காமல் ரசிகரிடம் நேராகச் சேர அது வழி.

ரசிகருக்கு இலவசம், வேறொருவர் கொடுக்கிறார்

இதுவரை பார்த்தது கலைஞரே தன் செலவில் கொடுத்த இலவசம். இது இரண்டாவது வகை. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2007 ஜூலை 15 அன்று தன் புதிய ஆல்பத்தின் சிடியை பிரிட்டனின் மெயில் ஆன் சண்டே என்ற ஞாயிறு இதழோடு இலவச இணைப்பாகக் கொடுத்தார். அதற்கு அந்த இதழ் அவருக்குப் பணம் கொடுத்தது. கோபமடைந்த சோனி பிஎம்ஜி நிறுவனம் பிரிட்டனில் அந்த ஆல்பத்தைக் கடைக்கு விடுவதையே நிறுத்தியது. அடுத்த மாதம் லண்டன் ஓ2 அரங்கில் பிரின்ஸின் 21 கச்சேரிகள் தொடங்கின. டிக்கெட் 31.21 பவுண்டு. இணையம் இல்லாமல் நடந்ததென்றாலும் கணக்கு ஒன்றுதான்: பதிவு கச்சேரிக்கான அழைப்பு.

2013-இல் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஜீயின் ஆல்பத்தை சாம்சங் நிறுவனம் ஒரு பிரதி 5 டாலர் என்று பத்து லட்சம் பிரதி மொத்தமாக வாங்கி, தன் கேலக்ஸி போன்காரர்களுக்குச் செயலி மூலம் மூன்று நாள் முன்னதாகக் கொடுத்தது. வெளிவருவதற்கு முன்பே 50 லட்சம் டாலர். ஆனால் அந்தச் செயலி போனில் கேட்ட அனுமதிகளும், பாடல் வரியைக் காட்ட ஃபேஸ்புக் அல்லது ட்விட்டரில் பதிவு போடச் சொன்னதும் பெரும் கண்டனத்தைச் சந்தித்தன. பணமாகக் கேட்காததை இங்கே தகவலாகக் கேட்டார்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இலவசமாகப் போனது விற்பனைப் பட்டியலில் ஏறாது. சாம்சங் வாங்கிய பத்து லட்சத்தை, அமெரிக்காவில் அந்தப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு பத்திரிகை கணக்கில் சேர்க்க மறுத்தது. அதற்கு முன்பே, 2011-இல் லேடி காகாவின் ஆல்பத்தை அமேசான் 99 சென்டுக்குத் தள்ளிவிட்ட பிறகு, முதல் நான்கு வாரத்தில் 3.49 டாலருக்குக் கீழே விற்றதை எண்ண மாட்டோம் என்று பில்போர்டு விதி கொண்டுவந்திருந்தது. முதலிடம் முக்கியம் என்று நினைக்கும் கலைஞருக்கு இது ஒரு தடை.

சான்ஸ் தி ராப்பர் நிறுவன ஒப்பந்தமே இல்லாமல் இலவசமாகவே ஆல்பங்களை விட்டுப் புகழ் பெற்றவர். 2016-இல் அவருடைய ஆல்பம் முதல் இரண்டு வாரம் தங்களிடம் மட்டும் இருக்க ஆப்பிள் 5 லட்சம் டாலர் கொடுத்ததாக அவரே பிறகு சொன்னார். விற்பனைக்கே வராமல் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வெளியாகி கிராமி வென்ற முதல் ஆல்பம் அது.

யூ2: கொடுத்ததும் பிழை ஆனது

2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் நிகழ்ச்சியில் யூ2 குழுவின் 11 பாடல் கொண்ட ஆல்பம் ஐடியூன்ஸ் கணக்கு வைத்திருந்த சுமார் 50 கோடிப் பேருக்கு இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. குழுவுக்கு ஆப்பிள் பணம் கொடுத்தது. கேட்பவருக்குச் செலவில்லை, தரம் நன்றாகவே இருந்தது. இருந்தும் இது இலவச வெளியீடுகளிலேயே அதிகத் திட்டு வாங்கியது.

காரணம் தொழில்நுட்பமானது. ‘வேண்டுமா’ என்று கேட்காமல், ஏற்கெனவே வாங்கியதாக ஒவ்வொரு கணக்கிலும் ஆல்பத்தைச் சேர்த்துவிட்டார்கள். தானாக இறங்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தவர்களின் போனில் அது தானே வந்து இறங்கியது. 256 கிலோபிட்டில் ஏறக்குறைய 90 மெகாபைட். 16 ஜிகாபைட் போன் வைத்திருந்தவருக்கு அது ஐம்பது அறுபது புகைப்படத்துக்கான இடம். நீக்கினாலும் பட்டியலில் மறுபடி தலைகாட்டியது. ஆறு நாளில் ஆப்பிள் தனியாக ஒரு நீக்கும் பக்கத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் பாடகர் போனோ மன்னிப்புக் கேட்டார். வாசலில் பந்தி போட்டு வருகிறவரை உபசரிப்பது வேறு, பூட்டிய வீட்டுக்குள் புகுந்து இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் போவது வேறு.

2 கோடி 60 லட்சம் பேர் முழு ஆல்பத்தை இறக்கினார்கள் என்று ஆப்பிள் பிறகு சொன்னது. வேறு எந்தக் குழுவுக்கும் அது கனவு எண். ஆனால் ‘இலவச இசை’ என்றாலே பலருக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்த எரிச்சல்தான். ‘பெறுக’ என்ற ஒரு பொத்தானை வைத்திருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும்.

இலவசம் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா

கூடாது. பாட்டை இறக்கக் காசு வேண்டாம் என்பது ஓர் அனுமதி. அதைப் படத்தில் போடுவது, வெட்டி ஒட்டுவது, விற்பது வேறு அனுமதிகள். ரேடியோஹெட் கொடுத்தது முதல் அனுமதி மட்டும். நைன் இஞ்ச் நெய்ல்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மூன்று நிபந்தனையோடு கூடுதலாகக் கொடுத்தது: பெயரைச் சொல்ல வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி உருவாக்கினால் அதையும் இதே நிபந்தனையில் வெளியிட வேண்டும்.

இந்த ‘வணிகம் கூடாது’ என்ற வரி என்ன செய்யும் என்பதைக் காட்ட ஒரு நிகழ்வு போதும். நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளம் தயாரிப்பாளர் யூடியூபில் கேட்ட ‘கோஸ்ட்ஸ்’ துண்டு ஒன்றின் பான்ஜோ ஒலியை வைத்து ஒரு தாளக்கட்டு செய்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் அதை 30 டாலருக்கு வாங்கிப் பாடியதுதான் ‘ஓல்ட் டவுன் ரோடு’. 2019-இல் அது பில்போர்டு பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. இலவச உரிமம் அங்கே செல்லாது. முறைப்படி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ரெஸ்னரும் அவர் கூட்டாளி ஆட்டிகஸ் ராஸும் பாடலின் எழுத்தாளர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் சேர்க்கப்பட்டார்கள். 11 ஆண்டுக்கு முன் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்ட ஒரு துண்டு அந்த ஆண்டின் மிகப் பெரிய பாட்டில் பங்காகத் திரும்பி வந்தது. நகலைக் கொடுத்தார்களே தவிர உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பது இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘நான் இலவசமாகத்தானே கொடுக்கிறேன்’ என்று சொல்லி அடுத்தவர் இசையை எடுக்க முடியாது. அமெரிக்க ராப் பாடகர் மேக் மில்லர் இலவசமாக வெளியிட்ட தொகுப்பில் லார்டு ஃபினெஸ் என்ற இன்னொரு ராப் கலைஞரின் இசையைப் பயன்படுத்தியிருந்தார். 2012-இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கு வந்தது; பிறகு சமரசமானது. காசு வாங்காதது வழக்கைத் தடுக்கவில்லை. நம்மூரில் படப் பாடலின் கரோக்கி மேல் பாடிவிட்டு ‘இலவசம்’ என்று போடுகிறவர்களுக்கும் இதே நிலைதான். மெட்டும் அந்த ஒலிப்பதிவும் வேறொருவருடையவை.

ஏன் தொடரவில்லை

2011-இல் ரேடியோஹெட் அடுத்த ஆல்பத்தைத் தன் தளத்திலேயே வெளியிட்டது. ஆனால் விலைக்கட்டம் காலியாக இல்லை: எம்பி3 6 பவுண்டு, வேவ் 9 பவுண்டு. 2013-இல் ரெஸ்னர் கொலம்பியா நிறுவனத்தோடு சேர்ந்து ஆல்பம் வெளியிட்டார். முதல் முறை இலவசம் என்பதே செய்தி, உலகம் முழுக்க இலவச விளம்பரம். இரண்டாம் முறை அது செய்தி அல்ல. ஸ்ட்ரீமிங்கும் வந்துவிட்டது. விளம்பரத்தோடு எல்லாமே இலவசமாகக் கேட்கக் கிடைக்கும்போது கோப்பை இலவசமாகக் கொடுப்பதற்கு முன்பிருந்த வலிமை இல்லை. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் 2020 மார்ச் 26 அன்று, ஊரடங்குக் காலத்தில், ‘கோஸ்ட்ஸ்’ வரிசையில் இன்னும் இரண்டு ஆல்பங்களை இலவசமாகக் கொடுத்தது. அது கணக்குப் போட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை, தனித்திருந்தவர்களுக்கான துணையாகவே வந்தது.

சோனிக் யூத் குழுவின் கிம் கார்டன் போன்றவர்கள் ரேடியோஹெட்டின் முறையை அப்போதே விமர்சித்தார்கள். பெரிய குழு விலையைப் பூஜ்ஜியமாக்கினால், விலை போட்டு விற்கும் சிறிய குழு பேராசை பிடித்ததாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ரேடியோஹெட்டின் பெயரை உலகுக்குக் கொண்டுசேர்க்க இஎம்ஐ பல ஆண்டு செலவழித்த பிறகுதான் அந்தக் காலிக் கட்டம் வேலை செய்தது. அந்தச் செலவை யாரும் செய்திராத ஒருவர் விலையைப் பூஜ்ஜியமாக்கினால் கேட்பவர் எண்ணிக்கை கூடலாம், பணம் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நீங்கள் செய்வதாக இருந்தால்

மாஸ்டர் உங்களுடையதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். கூட வாசித்தவர்கள், ஸ்டூடியோக்காரர், வரி எழுதியவர் ஆகியோரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஐபிஆர்எஸ் போன்ற ராயல்டி சங்கத்தில் உறுப்பினர் என்றால் உங்கள் உரிமைகளில் ஒரு பகுதியை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவிப்புப் போடாதீர்கள். அந்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. நாளை தளத்திலிருந்து நீக்கலாம், இன்று இறக்கியவரின் அனுமதி அப்படியே இருக்கும்.

கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகருக்கு நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ‘விருப்பப்பட்ட விலை, குறைந்தது பூஜ்ஜியம்’ என்று வைக்கலாம். எம்பி3 ஏற்றினால் ஏற்காது. வேவ், ஏஐஎஃப்எஃப், ஃபிளாக் மூன்றில் ஒன்று வேண்டும், மற்ற வடிவங்களைத் தளமே செய்துகொள்ளும். மாதத்துக்கு 200 இலவச டவுன்லோடு வரைதான் கணக்கில் தருவார்கள், பாட்டு பரவிவிட்டால் அது ஒரே நாளில் தீரும். விற்பதில் டிஜிட்டலுக்கு 15 சதவீதம் தளத்துக்கு. இலவசமாக எடுப்பவரிடம் மின்னஞ்சல் கேட்கும் வசதியைப் போட்டு வையுங்கள். பணம் பேபால் வழியாக வருகிறது. 2021 ஏப்ரல் முதல் பேபால் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தைச் செய்வதில்லை என்பதால் சென்னையில் இருப்பவர் சென்னைக் கலைஞருக்குக் கொடுக்க யுபிஐ போன்ற தனி வழி தேவை. கோப்புகளை ஏற்றும் முன் ஒவ்வொன்றிலும் பெயர், ஆல்பம், வரிசை எண், அட்டைப்படம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘டிராக் 01’ என்று இறங்கிய பாட்டு யாருடையது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று, அதிகம் பேர் தவறுவது இங்கேதான். அதே பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு அனுப்ப விநியோக நிறுவனத்தில் ஏற்றும்போது யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’க்கும் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் வரும். டிக் போட்டால், நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தச் சொன்ன பாட்டைத் தன் வீடியோவில் போட்ட ரசிகருக்குப் பதிப்புரிமைக் கோரிக்கை தானாகப் போகும், அவர் வீடியோவின் விளம்பரக் காசு உங்கள் கணக்கில் விழும். இலவசம் என்று அறிவித்த பாட்டுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.